மிச்சக் காசு

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.
இராசமலர் படலையடியில் நின்றாள்.
இராசமலர் அழுதாள்.
அவள் கண்ணீர் பெற்றோல் செற் பலகைபோல
ஒரு மைல் தூரத்திலேயே தெரிந்தது.
கிட்டப்போனால் உள்ளே எண்ணெய் இல்லை.

எங்கள் வீட்டில் ஒருவரும் காணாமற் போகவில்லை.
ஐந்து பேர் வெளிக்கிட்டோம்,
ஐந்து பேராய்த் திரும்பி வந்தோம்.
மாங்குளத்தில் இருந்துகொண்டு
இதை உரக்கச் சொல்லக் கூச்சம்,
ஊரெல்லாம் வரட்சியில்
எங்கள் கிணற்றில் மட்டும் தண்ணி என்பதுபோல.

என்னிடம் இருந்தது ஒரு நாய்.
முறுக்கன். வால் அப்படி.
போன மாரியில், வயலுக்குள் இறங்கிய ஆனைக்கு
ஆரோ வெடி போட்ட இரவு
சங்கிலியை அறுத்துக்கொண்டு
ஒலுமடுக் காட்டுக்குள் ஓடினான்.

ஏழு நாள் அலுமினியத் தட்டைக்
கரண்டியால் தட்டினேன்.
எட்டாம் நாள் தட்டைக் கழுவப் போனேன்.
பாதி கழுவுகையில் கை நின்றது.
முழுக்கக் கழுவினால்
நானே அவனைப் போகச் சொன்னதாகிவிடும்.
நுரையோடு கவிழ்த்து வைத்தேன்.

அதைத்தான் எடுத்தேன்.
நாயைக் கழற்றினேன், காட்டைக் கழற்றினேன்,
வெடியை, ஆனையை.
மிஞ்சிய நுரையை
இராசமலரிடம் கொடுத்தேன்.
புருஷனின் தேத்தண்ணிக் கோப்பையைப்
பாதி கழுவிக் கவிழ்த்தாள்.
பிறகு படலையடியில் போய் நில் என்றேன்.
கேட்கவில்லை.
போய்ப் படுத்துவிட்டாள்.

கூட்டுறவுக் கடையில் எனக்குப் பக்கத்து மேசை
பவளராணி.
அவளுடையவரைப் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள்.
எந்தப் பஸ், என்ன நிறம் எண்டு
எழுதிக் கொடுத்த கடிதங்களின் பிரதி
ஒரு ரின் பெட்டி நிறைய.
அவளிடம் கதையைக் கொடுத்தது
துணிவா, திமிரா தெரியாது.

கிளிநொச்சிக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தாளாம்.
முறிகண்டியில் சனம் கற்பூரம் கொளுத்த இறங்க
இவள் இறங்கவில்லையாம்.
தாள்களுக்கிடையில் கச்சான் கோதோடு
மறுநாள் திருப்பித் தந்தாள்.

"கோப்பை சரி.
நான் கழுவினதில்லை, அது அலுமாரிக்குள்ள கிடக்கு.
எண்டாலும் சரி.
ஆனா பஸ் ஸ்டாண்டில அவ அழுறா எண்டு எழுதியிருக்கிறீர்.
அழமாட்டா.
கொண்டக்டர் மிச்சக் காசு தரவேணும்.
அதை வாங்கோணும்."

பருப்பை நிறுக்கத் தொடங்கிவிட்டுக் கேட்டாள்:
"உமக்கு ஆர்?"

பொய் சொல்லியிருக்கலாம்.
இரவில் அதுதானே என் வேலை.
ஒரு சித்தப்பா போதும்.
வயது, சேட்டின் கோடு, கடைசியாய்க் கண்ட சந்தி
எல்லாம் ஒரு மூச்சில் வந்து
வாசலில் நின்றன.

"நாய்" என்றேன்.

தராசு முள் நடுவுக்கு வந்தது.
ஒரு பிடி அள்ளினாள்.
திரும்பப் போட்டாள்.
சுருளைச் சுற்றி நூல் கட்டும்வரை
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
அந்தச் சத்தம் சிரிப்புத்தானா
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அதுக்குப் பேர் என்ன?"

சொன்னேன்.

கடை பூட்டுகிற நேரம்
பின்வேலிக்கு அப்பால் பாலைமரங்களைப் பார்த்து
ஒரே ஒருதரம் கூப்பிட்டாள்.
"முறுக்கா."
நாயைக் கூப்பிடுகிற குரல் அல்ல அது.
பிறகு திறப்பை என்னிடம் நீட்டினாள்,
மேல் கொண்டி இறுகிப்போயிருக்கு,
கொஞ்சம் எண்ணெய் விடவேணும் என்றாள்.

இரவு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன்.
கண்ணீரை வெட்டினேன்.
இராசமலரின் கையில் மிச்சக் காசை வைத்தேன்.
எண்ணினாள்.
பத்து ரூபா குறைந்தது.
பஸ் வெளிக்கிட்டுவிட்டது.
அவள் பின்னால் ஓடினாள்,
தகரத்தில் அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு,
ஒரு செருப்புக் கழன்று தாரில் கிடக்க,
அந்தப் பத்து ரூபாவுக்காக.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
கேட்டிருக்கமாட்டாள்.